"எங்களையும்தான் துரத்தினார்கள்" என்பவருக்கு என்ன பதில் சொல்வது?

டர்பன் புதியவன்:
வணக்கம். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து டர்பன் வந்து, பைன்டவுனில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறேன். கூட வேலை செய்யும் ஜூலு அண்ணன் ஒருவர் கறுப்பினத்தவர் குடியிருப்பான குவாமாஷுவிலிருந்து வருகிறார். விடியும் முன்னே கிளம்பி, நகரத்தில் டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் சிறு வேன்) மாறி வரவேண்டும். சம்பளத்தில் பெரிய பங்கு அதற்கே போகிறது. இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். "எங்களையும்தான் வெள்ளைக்காரன் வீட்டைவிட்டுத் துரத்தினான். நாங்கள் முன்னேறவில்லையா? 1994-லேயே நிறவெறி ஆட்சி முடிந்துவிட்டதே" என்றார் வீட்டுக்காரர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் விளக்குங்களேன்.

கேட்டோ மேனர் பேத்தி:
தம்பி, அந்தப் பேச்சு எங்கள் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டுக் கதையை வைத்தே சொல்கிறேன்.

என் தாத்தாவுக்கு டர்பனின் கேட்டோ மேனரில் கொஞ்சம் நிலம் இருந்தது. மேல்பக்கம் கீரையும் பீன்ஸும் போட்டார். ஓடைப்பக்கச் சரிவை ஜூலு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். தகரமும் பலகையும் கொண்டு அவர்களே குடிசை கட்டிக்கொண்டார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் உம்கும்பானே. 1950-ல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. அப்புறம் அந்தப் பகுதியே வெள்ளையருக்கு என்று ஆனது. தாத்தாவும் போகவேண்டும், சரிவில் இருந்தவர்களும் போகவேண்டும்.

ஆனால் தாத்தாவிடம் பத்திரம் இருந்தது. அநியாயமாகக் குறைந்த விலைதான், இருந்தாலும் ஒரு தொகை கைக்கு வந்தது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் தவணை கட்டி ஒரு வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டார். பிறகு அந்த வீட்டை அடமானம் வைத்துத்தான் சித்தப்பா கடை போட்டார், நான் ஆசிரியைப் பயிற்சிக்குப் போனேன். சரிவில் இருந்தவர்களிடம் எந்தக் காகிதமும் இல்லை. குடிசையை இடித்தார்கள், அதோடு சரி. பாஸ், அதாவது கறுப்பினத்தவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிப் புத்தகம், ஒழுங்காக இருந்தவர்களுக்குக் குவாமாஷுவில் வாடகை வீடு. நகரத்தில் தங்கும் உரிமை வேண்டுமென்றால் அங்கேயே பிறந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் 10 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், அல்லது 15 ஆண்டு சட்டப்படி குடியிருந்திருக்க வேண்டும். இதெல்லாம் இல்லாத கறுப்பினத்தவர் 72 மணி நேரத்துக்கு மேல் நகரத்தில் நிற்கக் கூடாது. தாத்தா அப்படி ஒரு பாஸ் புத்தகத்தைச் சுமந்ததே இல்லை.

இது 1950-ல் தொடங்கியதும் அல்ல. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு 1913 நிலச் சட்டம் ஒதுக்கியது ஏறக்குறைய 7 சதவீத நிலம். 1936-ல் அதை 13 சதவீதமாக்கச் சம்மதித்தார்கள், அவ்வளவே. 1953-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனிக் கல்விச் சட்டம் போட்டு, உடலுழைப்புக்கு மேல் எதற்கும் தயார் செய்யாத பாடத்திட்டத்தைக் கொடுத்தார்கள். 1979 வரை கறுப்பினத் தொழிலாளர் சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே இல்லை. எங்கள் சர்க்கரை ஆலை ஆட்களுக்குச் சங்கம் இருந்தது.

வரைபடத்தைப் பாருங்கள். கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் குவாமாஷு வடக்கே தள்ளி, உம்லாசி தெற்கே தள்ளி. உம்லாசிக்கும் வெள்ளையர் பகுதிகளுக்கும் நடுவில் சாட்ஸ்வர்த். எங்களை மதில்போல நட்டார்கள். 1991-ல் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தை ரத்து செய்தார்கள், வீடுகள் போட்ட இடத்திலேயே இருக்கின்றன. 1994-க்குப் பிறகு அரசு கட்டித் தந்த இலவச வீடுகளும் நிலம் மலிவாகக் கிடைத்த ஓரங்களில்தான் வந்தன. உங்கள் நண்பரின் இரண்டு டாக்ஸிக் கட்டணமும் இதில்தான் தொடங்குகிறது.

யூனிட் மூன்று அண்ணன்:
அக்கா, இந்தியர் மேல் ஆப்பிரிக்கர் பாய்ந்த 1949 டர்பன் கலவரத்தை விட்டுவிட்டீர்களே. எங்கள் பாட்டியின் கடையை எரித்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. 2021 ஜூலைக் கலவரத்திலும் அதே பயம்தான். எங்கள் பயம் பொய்யில்லை.

கேட்டோ மேனர் பேத்தி:
பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். பாட்டி இழந்தது இழந்ததுதான். ஆனால் அந்தக் கணக்கை முழுசாகச் சொல்ல வேண்டும். 1949 ஜனவரியில் செத்தவர்கள் 142 பேர். 50 பேர் இந்தியர், 87 பேர் ஆப்பிரிக்கர். சட்டம் போட்ட வெள்ளையர் தொலைவில், பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியில் இருந்தார். ஒரு ஜூலு தொழிலாளி தினமும் நேருக்கு நேர் பார்த்தது கடைக்காரரை, பஸ் முதலாளியை, குடிசை வாடகை வாங்கும் என் தாத்தாவை. கோபம் கைக்கெட்டியவர் மேல் விழுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1947 மார்ச்சில், இந்திய காங்கிரஸ் தலைவர்களான நம் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் டாக்டர் தாதூவும், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் டாக்டர் சூமாவும் சேர்ந்து போராடுவோம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அந்த வழியும் நம்முடையதுதான்.

2021-ல் டர்பனின் இந்தியர் குடியிருப்பான ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நம் பயத்தைப் பேசும்போது அவர்கள் வீட்டுத் துக்கத்தையும் பேசுங்கள் தம்பி. அதைப் பேசாமல் விடுவது எனக்குத் தாங்கவில்லை.

லெனேசியாக்காரி:
ஜோகன்னஸ்பர்க்கிலும் இதே அச்சுதான். 1955-லிருந்து சோஃபியாடவுனில் வாழ்ந்த கறுப்பினத்தவரைக் காலி செய்து, சொவெட்டோ பக்கத்து மெடோலாண்ட்ஸுக்கு லாரியில் ஏற்றினார்கள். இந்தியர்களை சொவெட்டோவுக்கும் தெற்கே, இங்கே லெனேசியாவில் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா, ஒரு சந்தேகம். அந்தச் சரிவில் வாடகைக்கு இருந்தவர்கள் இழப்பீடு கேட்க முடிந்ததா?

கேட்டோ மேனர் பேத்தி:
முடிந்தது அம்மா. 1994-ல் வந்த நில மீட்புச் சட்டம் வாடகைக்கு இருந்தவரின் உரிமையையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் 1998 டிசம்பர் 31-க்குள் மனு போட வேண்டியிருந்தது. எங்களிடம் பத்திரத்தின் நகல் இருந்ததால் சுலபமாகப் போட்டோம், பணமும் வந்தது. குடிசை வாடகைக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? என் தாத்தா கொடுக்கவில்லை. 2014-ல் மறுபடி மனு வாங்கத் தொடங்கினார்கள். அதற்கான சட்டத்தைப் போடும் முன் மக்களிடம் சரியாகக் கருத்துக் கேட்கவில்லை என்று 2016-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்து, பழைய மனுக்கள் முடியும்வரை புதியவற்றை எடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது கேட்டோ மேனரில் குடிசை வாடகை வாங்கியிருந்தால், பழைய நோட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். குடியிருந்தவர்களின் பெயர் அதில் இருக்கலாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.