சிற்றினம் என்பது வகையா, தனிப்பொருளா? விளக்கம் தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான பரிணாமக் கோட்பாட்டு வகுப்பொன்றுக்குத் தயாராகும்போது எழுந்த ஐயத்துக்கு உங்கள் உதவியை நாடுகிறேன்.

தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, பிற கூட்டங்களோடு அவ்வாறு கலவாமல் விலகி நிற்கும் உயிர்க்கூட்டமே சிற்றினம் என்று 1942இல் பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் தந்த வரையறையைத்தான் பெரும்பாலும் கற்பிக்கிறோம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கைச் சுற்றி வாழும் என்சடினா சாலமாண்டர்கள் (பல்லி போன்ற தோற்றமுடைய நீர்நில வாழ்வன) அந்த வரையறையைத் திணறடிக்கின்றன. அந்த வளையத்தில் அடுத்தடுத்த கூட்டங்கள் கலக்கின்றன. ஆனால் தெற்கே இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில், திட்டுகளற்ற செம்பழுப்பு நிறத்தவையும் பெரிய திட்டுகள் கொண்டவையும் அருகருகே வாழ்ந்தும் பெரும்பாலும் கலப்பதில்லை. இவை ஒரு சிற்றினமா, இரண்டா?

சிற்றினம் என்பது மாறாத சாரத்தால் வரையறுக்கப்படும் வகை அன்று, தோன்றிக் கிளைத்து மறையும் ஒரு தனிப்பொருளே (individual) என்று 1970களில் உயிரியலாளர் மைக்கேல் கிசலினும் மெய்யியலாளர் டேவிட் ஹல்லும் வாதிட்டனர். டார்வினுக்குப் பின் இதுவே பொருத்தம் என எனக்குப் படுகிறது. ஆயினும் கலவியே இல்லாமல் பெருகுவதாக அறியப்படும் டெல்லாய்டு ரோட்டிஃபர்கள் என்னும் நுண்ணிய நீர்வாழ் விலங்குகளை எது ஒரு தனிப்பொருளாகப் பிணைக்கிறது என்பது விளங்கவில்லை. பொது மூதாதை மட்டும் போதுமா? மெய்யியலோ உயிரியலோ பயின்றவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். 'தனிப்பொருள்' என்பதைவிட நல்ல சொல் இருந்தாலும் சொல்லுங்கள்; 'தனியன்' என்றால் மாணவர்கள் ஒற்றை விலங்கை நினைத்துவிடுவார்கள்.