35 மிமீ இறக்கின பிறகு டயர் உரசுது: ஃபெண்டர் மடிப்பை வெட்டலாமா?

தாழப்பறப்பவன்:

வணக்கம். வண்டி முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக். முன்னால மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்த கால்), பின்னால டார்ஷன் பீம் (ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்க்கிற, முறுக்கிக் கொடுக்கிற சட்டம்). கம்பெனி சைஸ் 195/55 ஆர்16, ரிம் 6.5 அங்குலம், ஆஃப்செட் (ரிம்மோட நடுக்கோட்டுக்கும் ஹப்புல உட்காருற முகத்துக்கும் உள்ள தூரம்) 45 மிமீ. இப்ப இருக்கிறது 215/45 ஆர்17, ரிம் 7.5 அங்குலம், ஆஃப்செட் 38. ஸ்பிரிங் மட்டும் மாத்தி 35 மிமீ இறக்கியிருக்கு, ஷாக் நாலும் பழசுதான். ஸ்பிரிங் போடும்போதே நாலு பம்ப் ஸ்டாப்பையும் 30 மிமீ வெட்டியாச்சு.

ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ரிவர்ஸ் எடுத்தா முன்னால இடது பக்கம் கரகரன்னு பிளாஸ்டிக் சத்தம். பின்சீட்டுல ரெண்டு பேர் உட்கார்ந்து வேகத்தடை இறங்கினா பின்னால ரெண்டு பக்கமும் டர்ர்னு உரசுது. பின் ஃபெண்டரோட உள்மடிப்பை கிரைண்டர் போட்டு எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. செய்யலாமா? வேற வழி இருக்கா?

நட்டுபோல்ட்டு:

கிரைண்டரை ஓரமா வைங்க. உங்க கேள்வியிலேயே பாதி பதில் இருக்கு: பம்ப் ஸ்டாப்பை வெட்டினது.

சக்கரம் எங்கே நிக்கணும்னு முடிவு பண்றது ஸ்பிரிங். எவ்வளவு தூரம் மேல ஏறலாம்னு முடிவு பண்றது பம்ப் ஸ்டாப். ஸ்டாப்பை வெட்டாம ஸ்பிரிங்கை மட்டும் மாத்தியிருந்தா சக்கரம் ஏறுற உச்சி பழைய இடமேதான், அடிக்கடி அங்க போய் முட்டும், அவ்வளவு. 30 மிமீ வெட்டின பிறகு கம்பெனிக்காரன் கணக்குலயே இல்லாத உயரத்துக்கு டயர் ஏறுது. அங்க அதுக்கு இடம் விட்டு வைக்கலை.

அடுத்து ரிம். கணக்கு சுலபம். ரிம் அகலத்துல பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழிச்சா வெளிப்பக்கம், கூட்டினா உள்பக்கம்.

பழசு: 6.5 அங்குலம்னா 165 மிமீ, பாதி 82.5. வெளியே 37.5, உள்ளே 127.5.
புதுசு: 7.5 அங்குலம்னா 190.5 மிமீ, பாதி 95. வெளியே 57, உள்ளே 133.

அதாவது ரிம் விளிம்பு வெளியே சுமார் 20 மிமீ தள்ளி வந்திருக்கு, உள்ளே ஸ்ட்ரட் பக்கம் 6 மிமீ நெருங்கியிருக்கு. டயர் உயரம் பெருசா மாறலை: பழசு 621 மிமீ விட்டம், இப்ப 625. பின்னால உரசலுக்குக் காரணம் அந்த 20 மிமீயும் வெட்டின ஸ்டாப்பும் சேர்ந்துதான். அதனால முதல்ல ஸ்டாப், அப்புறம் டயர் சைஸ், சக்கரம் சாயுற கோணம், லைனர் (சக்கரக் குழிக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் மறைப்பு). தகரத்துல கை வைக்கிறது கடைசி.

வேகத்தடை_வீரன்:

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல 5 மிமீ ஸ்பேசர் போடுங்க ப்ரோ, உரசல் போயிடும். நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க.

நட்டுபோல்ட்டு:

ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளும். ஸ்ட்ரட்டுல உரசினா அது மருந்து. இவருக்கு வெளிமடிப்புல உரசுது, ஸ்பேசர் போட்டா இன்னும் 5 மிமீ மோசமாகும். போட்டே ஆகணும்னு யாராவது வந்தா: ஹப் நடுத்துளைக்குக் கச்சிதமா உட்காருற வகைதான் வாங்கணும். போல்ட்டோ நட்டோ குறைஞ்சது தன்னோட விட்டம் அளவுக்காவது மரையில ஏறியிருக்கணும். எம்12, 1.5 மரைன்னா 8 முழுச் சுற்று. எண்ணிப் பாருங்க, கண்மதிப்பு வேண்டாம்.

அளவுகோல்:

எங்கே உரசுதுன்னு காதை வெச்சுச் சொல்லாதீங்க, அளக்கணும்.

சுலபமான வழி: ஃபெண்டர் மடிப்பு, லைனர், ஸ்ட்ரட்டுல ஸ்பிரிங் உட்காருற தட்டு, உள்பக்க சேசிஸ் சட்டம், பிரேக் ஹோஸ் பிடிக்கிற பிராக்கெட் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. டயரோட தோள்பட்டையிலயும் சைடுவாலிலயும் சாக்பீஸ் தடவுங்க. நாலு பேரை ஏத்திக்கிட்டு மெதுவா வேகத்தடை மேல ஒரு சக்கரம் மட்டும் ஏறுற மாதிரி சாய்வா போங்க. சாக்பீஸ் எந்த டேப்புல ஒட்டியிருக்கோ அதுதான் இடம். மடிப்புக்கு உள்ளே கட்டைவிரல் அளவு களிமண் உருண்டை ஒட்டினா இன்னும் நல்லது. முதல்ல அதுல கொஞ்சம் எண்ணெய் தடவுங்க, டயரோட போயிடாது. நசுங்கின களிமண்ணோட தடிமனை வெர்னியர்ல அளந்தா எத்தனை மிமீ மிச்சம்னு தெரியும்.

சரியான வழி: ஸ்பிரிங்கை எடுத்துட்டுப் பாக்கிறது. டார்ஷன் பீம்ல இது லேசு. வண்டி உடம்பை ஆக்சில் ஸ்டாண்டுல நிறுத்தி, பீமுக்கு அடியில ஜாக்கி கொடுத்து, ஷாக்கோட கீழ் போல்ட்டை ரெண்டு பக்கமும் எடுத்து, பீமை இறக்கினா ஸ்பிரிங் கையில வரும். ஷாக்கை மறுபடி மாட்டி, சக்கரத்தையும் மாட்டி, ஜாக்கியால மேல தூக்குங்க. ஸ்டாப் நசுங்கி, உடம்பு ஸ்டாண்டை விட்டு எழும்பப் பாக்குற நொடியில நிறுத்துங்க. அதுக்கு மேல ஒரு தம்பிடி கூடாது, வண்டி சரியும். ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது ஒருமுறை, ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது ஒருமுறை பாருங்க. ஒருபக்கம் ஏறும்போது பீம் முறுக்கிக்கிட்டு டயர் சாயுற விதமே வேற.

முன்னால ஸ்ட்ரட்டை இறக்கி ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டுத்தான் பிரிக்கணும். கம்ப்ரஸர் இல்லாம நடு நட்டைத் தொடாதீங்க.

இன்னொண்ணு: டயரோட உள்பக்கத்தையும் தடவிப் பாருங்க. வெளி உரசல் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். உள் சைடுவால்ல பளபளன்னு ஒரு கோடு விழுந்து, அது நூல் தெரியுற வரைக்கும் போனா யாருக்கும் தெரியாது. நூல் தெரிஞ்சா டயர் குப்பைக்குத்தான்.

தாழப்பறப்பவன்:

அளந்துட்டேன். பின்னால ஸ்பிரிங் இல்லாம தூக்கினா டயர் தோள் மடிப்புல ரெண்டு பக்கமும் இடிக்குது, உச்சிக்கு இன்னும் 14 மிமீ இருக்கும்போதே. மடிப்போட அகலம் 11 மிமீ. முன்னால ஃபெண்டர்ல எங்கேயும் படலை. பம்பர் ஓரமும் லைனரும் சேருற இடத்துல ஸ்க்ரூ போட்ட காது ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு, அதுலதான் சாக்பீஸ். முன் டயருக்கும் ஸ்ட்ரட் தட்டுக்கும் நடுவுல 4 மிமீ. கேம்பர் போல்ட் (சக்கரத்தோட சாய்வை மாத்துற போல்ட்) போடலாம்னு ஒருத்தர் சொல்றார்.

நட்டுபோல்ட்டு:

கேம்பர் போல்ட் வேண்டாம். காரணம் அந்த 4 மிமீ. ஸ்ட்ரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்குற பாகம்) சேருற ரெண்டு போல்ட்டுல ஒண்ணை மெலிஞ்ச போல்ட்டா மாத்தினா ஸ்ட்ரட் நின்ன இடத்துல நிக்கும், டயரோட தலை மட்டும் அதை நோக்கிச் சாயும். இருக்கிற இடைவெளியும் போயிடும். மேல கேம்பர் பிளேட் போட்டா ஸ்ட்ரட்டும் டயரும் சேர்ந்து சாயும், இடைவெளி அப்படியே இருக்கும். ஆனா உங்களுக்கு முன் ஃபெண்டர்ல உரசலே இல்லையே, எதுக்கு ரெண்டும்?

முன்னால அந்தக் காதுதான் வேலை. ஸ்க்ரூவைக் கழட்டி, லைனருக்குப் பின்னால வயரிங், வாஷர் டேங்க், ஃபாக் லைட் பிளக் இருக்கான்னு முதல்ல கையை விட்டுப் பாருங்க. காதை மடிப்பு ஓரமா வெட்டிட்டு, லைனரை ஹீட் கன்ல சூடேத்துங்க. பிளாஸ்டிக் பளபளப்பு மாறி வளைஞ்சு கொடுக்கும்போது துணி சுத்தின மரக்கட்டையால பின்னால அமுக்கி, ஆறுற வரைக்கும் பிடிச்சுக்கோங்க. கையை எடுத்துட்டா பழைய இடத்துக்கே வந்துடும். விளிம்புல ரெண்டு ஓட்டை போட்டு கேபிள் டையால பம்பர் கம்பியோட கட்டுங்க. லைனரையே கழட்டி வீசிடாதீங்க, மழையில சேறு நேரா ஹெட்லைட் பிளக்குல போய் உட்காரும்.

அப்பவும் கடைசி ஒரு பிடி ஒடிக்கும்போது உரசினா, ஸ்டீயரிங் ராக் முனையில மாட்டுற லிமிட்டர் வளையம் கிடைக்கும். தடிமன் கூடக் கூட வண்டி திரும்புற வட்டமும் பெருசாகும். மெலிசுல தொடங்குங்க, ரெண்டு பக்கமும் ஒரே தடிமன்.

பின்னாலதான் கதை. 14 மிமீ வேணும். பம்ப் ஸ்டாப்பைப் புதுசு போடுங்க, வெட்டினது வேண்டாம். அது நுண்துளை பாலியூரித்தேன், நுனி மெதுவாவும் அடி கெட்டியாவும் நசுங்குற மாதிரி செஞ்சது. நுனியை வெட்டினா மீதி இருக்கிறது கெட்டிப் பகுதி மட்டும்தான். புதுசு போட்டும் போதலைன்னா ஷாக் ராடுல மாட்டுற பேக்கர், 5 மிமீ துண்டு. ஆனா வரம்பு உண்டு: வண்டி தரையில நிக்கும்போது ஸ்டாப்புக்கும் ஷாக் உடம்புக்கும் நடுவுல 20 மிமீக்குக் கீழே போனா, ஆள் ஏறின உடனே வண்டி ஸ்டாப் மேலயே உட்கார்ந்துக்கும். வளைவுல பின்சக்கரம் துள்ளும். ராடுல ஒரு கேபிள் டையை இறுக்கமா கட்டி ஓட்டிப் பாருங்க, எங்கே தள்ளிவிட்டிருக்கோ அதுவரைக்கும் ஷாக் போயிருக்கு.

அளவுகோல்:

இதோட டயரையும் சேர்த்துக்கோங்க. அடுத்தமுறை மாத்தும்போது 205/45 ஆர்17. விட்டம் 616 மிமீ, தலைப்பக்கம் 4.5 மிமீ குறையும். அகலம் 10 குறையுறதால ஒவ்வொரு பக்கமும் 5 மிமீ கிடைக்கும். உள்ளே இருக்கிற 4 மிமீயும் 9 ஆகும். லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடையைக் குறிக்கிற எண்) கம்பெனி டயர்ல போட்டிருக்கிற எண்ணுக்குக் குறையாம பாருங்க. அந்த சைஸ்ல எக்ஸ்ட்ரா லோட் வகை 88 வருது. ஒரே 205ன்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி தோள் வடிவம் மாறும். சதுரத் தோள் உரசும், உருண்ட தோள் தப்பிக்கும்.

தகரவேலை:

மடிப்பைப் பத்தி யாரும் சொல்லலை. பின் ஃபெண்டர் மடிப்பு ஒத்தைத் தகரம் இல்லை. வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்து ஸ்பாட் வெல்டு பண்ணின இடம். அதை வெட்டினா ரெண்டும் பிரியும், நடுவுல தண்ணி இறங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது ஃபெண்டரே போயிருக்கும்.

உருட்டி மடக்கலாம். ஹப்புல மாட்டுற ரோலர் வேணும். பெயிண்ட் தொட்டா கை சுடுற அளவுக்கு ஹீட் கன்ல சூடேத்தி, கொப்புளம் வராம கன்னை ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஒரே தடவையில மடக்காம நாலஞ்சு தடவையா, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம். கதவுப் பக்கம் முனையிலயும் பம்பர் சேருற முனையிலயும் நிறுத்திடுங்க, அங்க தகடு நெளிஞ்சு வெளியே அலை அலையா தெரியும். ஏற்கனவே பட்டி போட்டு பெயிண்ட் அடிச்ச ஃபெண்டர்னா எவ்வளவு சூடேத்தினாலும் வெடிக்கும், தொடாதீங்க. மடக்கின பிறகு பழைய சீலன்ட் கீறியிருக்கும். சுரண்டி, பிரைமர் அடிச்சு, புது சீம் சீலன்ட் போடணும். இதை விட்டா மொத்த வேலையும் வீண்.

11 மிமீ மடிப்பு முழுசா படுக்காது, 7 அல்லது 8 கிடைச்சா நல்லது.

தாழப்பறப்பவன்:

அப்ப புது ஸ்டாப், ரெண்டு பேக்கர், 205 டயர். மறுபடி அளந்து, போதலைன்னா மட்டும் ரோலர். பீமுக்கும் ஹப்புக்கும் நடுவுல ஷிம் (ஒருபக்கம் சாய்வான மெல்லிய தகடு) வெச்சு பின்சக்கரத்தைச் சாய்க்கலாம்னு ஒரு இடத்துல பாத்தேன், அது?

நட்டுபோல்ட்டு:

1 டிகிரி ஷிம்னா டயர் தலை சுமார் 5 மிமீ உள்ளே வரும். செய்யலாம், ஆனா டயரோட உள்விளிம்பு சீக்கிரம் தேயும். ரோலருக்கு முன்னாடியா பின்னாடியான்னா, பட்டி போட்ட ஃபெண்டர்னா ஷிம், இல்லைன்னா ரோலர்.

கீழ் ஆர்ம் புஷ், பீம் புஷ் போல்ட்டுகளைக் கழட்டியிருந்தா சக்கரம் தொங்கும்போது இறுக்காதீங்க. வண்டி தன் எடையில நிக்கும்போதுதான் இறுக்கணும். இல்லைன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து கிழியும், உயர அளவும் பொய்யா வரும். உயரத்தை அளக்கிறதும் தரையிலிருந்து இல்லை, ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும். எல்லாம் முடிஞ்ச பிறகு அலைன்மென்ட். 35 மிமீ இறக்கினா டோ (மேலிருந்து பாத்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம்) கட்டாயம் மாறியிருக்கும். முன்ன பாத்திருந்தாலும் மறுபடி பாருங்க.