ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு வேகவில்லை, என்ன செய்யலாம்?

புதுக்குடித்தனம்:
வீடு மாறி மூன்று வாரம் ஆகிறது. அதே குக்கர், அதே அடுப்பு, பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே டப்பா பருப்பு. அங்கே மூன்று விசிலில் வெண்ணெய் மாதிரி மசியும். இங்கே ஆறு விசில் விட்டும் கரண்டியால் அழுத்தினால் நழுவி ஓடுகிறது. சாம்பார் வைத்தால் பருப்பு அடியில், புளித்தண்ணீர் மேலே. கேஸ்கட் மாற்றியும் பயனில்லை. சோறு மட்டும் எப்போதும்போல வேகிறது, அதுதான் புரியவில்லை. அடுத்த வாரம் மாமியார் வேறு வருகிறார்.

அடுப்படி அக்கா:
பருப்பு பழசாம்மா? மாசக்கணக்கில் வெக்கையிலும் புழுக்கத்திலும் கிடந்த பருப்பு லேசில் வேகாது. அப்புறம், தக்காளி, புளி எதையாவது சேர்த்தே வைக்கிறாயா?

புதுக்குடித்தனம்:
இல்லை அக்கா. மஞ்சள்தூள், நாலு சொட்டு விளக்கெண்ணெய், அவ்வளவுதான். பருப்பு போன மாதம் வாங்கியது. அங்கே ஆற்றுத் தண்ணீர், இங்கே போர்வெல் தண்ணீர்.

நாலாம் மாடி:
‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று வீட்டுக்காரர் முன்னாடியே சொல்லியிருக்கலாம் :)

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
சோறு வேகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. அரிசியில் மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பினால் போதும். பருப்பு மசிய வேண்டுமானால், அதன் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் என்ற பசையும் கரைய வேண்டும். போர்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையைப் பிடித்து இறுக்கிவிடும். புளிப்பிலும் பெக்டின் எளிதில் கரையாது. பருப்பு வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றுவதில் அந்த லாபமும் இருக்கிறது.

சந்தேகமிருந்தால் சோதித்துப் பாருங்கள். இரண்டு கிண்ணத்தில் சம அளவு பருப்பு. ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் போர்த் தண்ணீர். இரண்டையும் ஒரே குக்கருக்குள் வையுங்கள்.

நாலாம் மாடி:
டிடிஎஸ் மீட்டர் வைத்தாலே தெரிந்துவிடுமே?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாகத்தான் காட்டும். கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதை, தனியாகச் சோதிக்க வேண்டும். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை. பல போர்களில் இதற்கு மேலும் இருக்கும். துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போனால் மீட்டரே வேண்டாம்.

புதுக்குடித்தனம்:
வைத்துப் பார்த்தேன் சார். நாலு விசில். கேன் தண்ணீர்ப் பருப்பு கரண்டி பட்டதும் கரைந்தது. மற்றதில் ஒவ்வொரு பருப்பும் முழுசு முழுசாக நிற்கிறது. விரலில் நசுக்கினால் நடுவில் வெள்ளையாக ஒரு கெட்டி. ஆனால் எல்லாச் சமையலுக்கும் கேன் கட்டுப்படியாகாதே.

அடுப்படி அக்கா:
ஆப்பசோடா ஒரு சிட்டிகை போடு, பஞ்சாக வெந்துவிடும்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
வேகும், அக்கா சொல்வது சரி. சோடாவின் காரத்தில் பெக்டின் சீக்கிரம் உடையும். ஆனால் கை கொஞ்சம் தாராளமானால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் போகும். எனக்கு அது கடைசி வழிதான். வேக வைக்கும் தண்ணீர் மட்டும் நல்லதாக இருந்தால் போதும். ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் கேன் தண்ணீர். அதிலேயே அரை மணி ஊறவைத்து, அதிலேயே வேக வையுங்கள். புளி கரைக்க, காய் வேக வைக்க போர்த் தண்ணீரே இருக்கட்டும்.

கேன் இல்லாத நாளில் போர்த் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வெள்ளையாக அடியில் படிந்தால், மேலே தெளிந்ததை எடுத்துக்கொள்ளலாம். எதுவும் படியவில்லையென்றால் உங்கள் போரில் இருப்பது கொதித்தும் போகாத வகை; கேன்தான் கதி.

புதுக்குடித்தனம்:
கொதிக்க வைத்ததில் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பூசினாற்போல் படிந்தது. மேல்தண்ணீரில் வைத்த பருப்பு நாலு விசிலில் மசிந்தது, கேன் அளவுக்கு இல்லை. மாமியார் வரும்போது கேன்.