100 மீட்டர் ஓடுகிற பையனை கால்பந்து செலக்‌ஷனுக்கு அனுப்பலாமா? போல்ட்டுக்கு எங்கே இடித்தது?

மாதவரம்_கேலரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 19 வயசுப் பையன், காலேஜ் அளவில் 100 மீட்டர் ஓடுறான். கோச் கையில் பிடிச்ச டைம் 10.9. உயரம் 181 செ.மீ. பந்துன்னு பார்த்தா ஸ்கூல்ல விளையாடினதோட சரி. மூணு மாசத்துல சென்னை லீக் கிளப் ஒண்ணுல செலக்‌ஷன் இருக்கு, போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வீட்டுல எல்லாரும் "இந்த வேகத்துக்கு எவன் பிடிப்பான்?"னு ஏத்தி விடுறாங்க.

எனக்கு உறுத்துறது உசைன் போல்ட் கதை. உலகத்துலயே வேகமான ஆள், 2018-ல ஆஸ்திரேலியாவுல சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் கிளப்போட பயிற்சி எடுத்தார், ரெண்டு கோல் கூட போட்டார், ஆனா ஒப்பந்தம் ஆகல. வேகம் இருந்தும் ஏன் நடக்கல? பையனுக்கு இருக்கிற 12 வாரத்துல என்ன செஞ்சா உருப்படியா இருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஸ்டாப்வாட்ச் பதில்:

முதலில் அந்த 10.9-ஐச் சரி செய்துகொள்வோம். கையால் பிடித்த நேரத்தோடு 0.24 சேர்த்தால்தான் எலக்ட்ரானிக் நேரத்துக்குப் பக்கத்தில் வரும். ஆக, பையன் ஏறக்குறைய 11.14. காலேஜ் அளவுக்கு நல்ல ஓட்டம்தான், ஆனால் ட்ராக்கில் இந்த எண்ணுக்கு இருக்கும் மதிப்பு கால்பந்தில் அப்படியே கிடைக்காது. காரணத்தை போல்ட்டின் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

2009 பெர்லினில் போல்ட் 100 மீட்டரை ஓடிய உலக சாதனை நேரம் 9.58 வினாடி. அதை 20 மீட்டர் துண்டுகளாக வெட்டினால்: 2.88, 1.76, 1.67, 1.61, 1.66. முதல் துண்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு அவர் கிளம்ப எடுத்துக்கொண்ட 0.146 வினாடியும் அடக்கம். அவருடைய உச்ச வேகம் நான்காவது துண்டில், அதாவது 60-லிருந்து 80 மீட்டருக்குள், மணிக்கு 44.7 கி.மீ. பிரீமியர் லீக்கில் பதிவான அதிகபட்சம், 2024 ஜனவரியில் டாட்டனம் வீரர் மிக்கி வான் டி வென் ஓடிய 37.38. வித்தியாசம் மலைபோல் தெரிகிறது, இல்லையா? ஆனால் கால்பந்து மைதானத்தின் மொத்த நீளமே வழக்கமாக 105 மீட்டர்தான். நேர்கோட்டில் 60 மீட்டர் தடையில்லாமல் ஓட ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை வாய்க்கும்? பெரும்பாலான ஓட்டங்கள் 10, 20 மீட்டரில் முடிந்துவிடும். அந்தத் தூரத்தில் போல்ட்டுக்கும் ஒரு நல்ல விங்கருக்கும் (மைதானத்தின் ஓரத்தில் ஏறி ஆடுபவர்) இடைவெளி மிகக் குறைவு. அதிலும் விங்கருக்கு பந்து எங்கே விழப் போகிறதென்று அரை வினாடி முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த அரை வினாடியில் அவர் மூன்று மீட்டர் போய்விடுவார்.

இன்னொரு கணக்கு. பெர்லினில் போல்ட் எடுத்தது 41 ஸ்டெப். சராசரி ஒரு ஸ்டெப் 2.44 மீட்டர். வலது காலால் பந்தைத் தொட்டுவிட்டு மறுபடி வலது கால் தரையில் படும்போது கிட்டத்தட்ட 5 மீட்டர் தாண்டியிருக்கும். இடையில் ஒரு டிஃபெண்டர் சாவகாசமாகக் கால் நீட்டி எடுத்துக்கொண்டு போகலாம். பந்தோடு ஓட வேண்டுமென்றால் ஸ்டெப்பைச் சுருக்க வேண்டும். பத்து பதினைந்து வருஷம் ஸ்டெப்பை நீட்டியே பழகிய உடம்புக்கு அது அவ்வளவு சுலபமில்லை. 1.95 மீட்டர் உயரக்காரருக்குத் திரும்புவதும் கஷ்டம்.

நடந்தது என்ன என்பதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பலபேர் குழப்பிக்கொள்கிறார்கள். 2017 ஆகஸ்ட், லண்டன் உலக சாம்பியன்ஷிப் தொடர் ஓட்டத்தில் தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டதோடு ட்ராக் வாழ்க்கை முடிந்தது. 2018 தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ், மார்ச்சில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் (போல்ட்டுக்கும் டார்ட்மண்டுக்கும் பூமாதான் ஸ்பான்சர், அதையும் மனதில் வையுங்கள்), பிறகு நார்வேயில் ஒன்று என்று கிளப் கிளப்பாகப் பயிற்சி எடுத்தார். ஆகஸ்டில் சிட்னிக்கு வடக்கே கோஸ்ஃபோர்டில் மரைனர்ஸ். அப்போது வயது 32. ஆகஸ்ட் 31 நட்பு ஆட்டத்தில் கடைசி இருபது நிமிஷத்துக்கு இடது விங்கில் இறக்கினார்கள், முதுகில் 95-ம் நம்பர். அக்டோபர் 12 கேம்பல்டவுனில் இரண்டு கோல். நவம்பர் தொடக்கத்தில் பிரிவு. 2019 ஜனவரியில் விளையாட்டு வாழ்க்கையே முடிந்தது என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு கோலையும் பாருங்கள், பாடம் அதிலேயே இருக்கிறது. முதலாவது, டிஃபென்ஸுக்குப் பின்னால் விழுந்த பந்தைத் துரத்தி, ஆளைத் தோளால் தள்ளி நிறுத்தி, இடது காலால் அடித்தது. இரண்டாவது, டிஃபெண்டரும் கீப்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில் புகுந்து காலி வலையில் தள்ளியது. இரண்டிலும் மூன்றுபேரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய வேலையே இல்லை.

---

கடைசி_பெஞ்ச் பதில்:

பந்துதான் காரணம்னு மட்டும் சொல்லிட முடியாது சார். பிரிஞ்சதுக்கு கிளப் சொன்ன காரணம் வணிக ரீதியா உடன்பாடு வரலைன்றதுதான். உலகம் பூரா கேமரா வந்த ஆளுக்கும், 2017-18-ல லீக்ல கடைசி இடத்துல முடிச்ச கிளப்புக்கும் பேரம் எங்க ஒத்து வரும்? மால்டாவுல வலெட்டா கிளப் குடுத்த வாய்ப்பை போல்ட்டே வேண்டாம்னுட்டார். ஆக, யாருமே சீந்தலைன்னும் சொல்ல முடியாது.

ஆனா ஒண்ணு. பெர்த் குளோரி ஸ்ட்ரைக்கர் ஆண்டி கியோ, போல்ட்டோட முதல் டச்சை (பந்து வந்ததும் காலால வாங்குறதை) டிரம்போலினோட ஒப்பிட்டுப் பேசினார். நக்கல்தான், ஆனா வீடியோவைப் பார்த்தா மறுக்க வாய் வரல.

---

இடதுகால்_பேக் பதில்:

டிரம்போலின் பேச்சு வந்துட்டதால அங்கேயே ஆரம்பிக்கிறேன், ஏன்னா எல்லா ஸ்பிரிண்டருக்கும் இதே கோளாறுதான். ட்ராக்குல கணுக்காலை இறுக்கமா வச்சு, தரையைத் தட்டினதும் ஸ்பிரிங் மாதிரி எகிறணும்னு வருஷக்கணக்கா பழக்குறாங்க. பந்தை வாங்கும்போது வேண்டியது நேர் எதிர். பாதம் பந்தைத் தொடுற நொடியில ஒரு சாண் பின்னாடி போகணும், கணுக்கால் தளரணும். இறுக்கமா வச்சா பந்து ரெண்டு மீட்டர் எகிறிப் போகும். அதனால 12 வாரத்துல முதல் நாலு வாரம் இதுக்கே.

சுவர் போதும். 4 மீட்டர் தள்ளி நின்னு உள்பாதத்தால அடிக்கணும், திரும்பி வர்றதை ஒரே டச்சுல நிறுத்தணும், அடுத்த டச்சுல மறுபடி அடிக்கணும். வலது 50, இடது 50, அப்புறம் ஒரு காலால வாங்கி மறு காலால அடிக்கிறது 50. இதையே ரெண்டு சுற்று, ஆக 300. வாங்கின பந்து காலிலேர்ந்து ஒரு அடிக்குள்ள நிக்கணும். நூத்துக்கு எண்பது நின்னா அடுத்த கட்டம்: பந்தை நிறுத்தாம, முதல் டச்சுலேயே 45 டிகிரி பக்கவாட்டுல ஒரு மீட்டர் தள்ளிவிட்டு ரெண்டு ஸ்டெப் வெடிச்சு ஓடுறது. ஸ்பிரிண்டருக்கு சோறு போடப் போறது இந்த டச்சுதான், இதைச் சலிக்கச் சலிக்கப் பண்ணச் சொல்லுங்க. பந்து 5-ம் நம்பர், காத்து 9, 10 பி.எஸ்.ஐ. கல்லு மாதிரி அடிச்சு வச்சிட்டு கால்ல நிக்கலைன்னு புலம்பக் கூடாது.

பந்தோட ஓடுறப்ப ஷூ நுனி கீழ பார்த்து, சுண்டுவிரல் பக்கத்துல லேஸுக்கு வெளியே தொடணும். உள்பாதத்தால தொட்டா இடுப்பு திரும்பி ஓட்டம் உடையும். 20 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில கோன் வச்சு, பாதி வேகத்துல ஆரம்பிங்க. வாரம் ஒரு தடவை 30 மீட்டர் வெறும் ஓட்டத்தையும், பந்தோட 30 மீட்டரையும் டைம் எடுங்க. முதல் நாள் வித்தியாசம் ஒரு வினாடிக்கு மேல இருக்கும். அது அரை வினாடிக்குக் கிட்ட வந்தா செலக்‌ஷனுக்கு முகம் காட்டலாம்.

அடுத்தது பிரேக். 100 மீட்டர்காரன் கோட்டைத் தாண்டி முப்பது மீட்டர் போய் நிப்பான். இங்க 15 மீட்டர் முழு வேகத்துல ஓடி 5 மீட்டருக்குள்ள நின்னு திரும்பணும். ஸ்டெப்பைச் சின்னதாக்கி, இடுப்பை இறக்கி நிறுத்தணும். நெட்டையா நின்னபடி ஒரே கால்ல பிரேக் போட்டா முட்டி போயிடும். வாரம் ரெண்டு நாள், ஒரு நாளைக்கு 8-லிருந்து 10 தடவை, அதுக்கு மேல வேண்டாம்.

மூச்சு விஷயம். ட்ராக்குல ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஆறு ஏழு நிமிஷம் உக்காருவாங்க. ஆட்டத்துல அந்த பாக்கியம் கிடையாது. 30 மீட்டர் ஆறு தடவை, நடுவுல 25 வினாடி நடை, இது ஒரு செட். நாலு நிமிஷம் விட்டு இன்னொரு செட். ஆறாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட எவ்வளவு தள்ளுதுன்னு எழுதி வையுங்க.

இப்ப எச்சரிக்கை. பெரும்பாலும் மூணாவது, நாலாவது வாரத்துலதான் தொடைப் பின்தசை கிழியுது. காரணம் சிம்பிள்: ட்ராக் பயிற்சியை அப்படியே வச்சுக்கிட்டு மேல பந்தையும் ஏத்துறது. ட்ராக்கைப் பாதியா குறைச்சுட்டுத்தான் இதைத் தொடங்கணும். நார்டிக் கர்ல் (முட்டி போட்டு, கணுக்காலை ஒருத்தர் பிடிச்சுக்க, உடம்பை மெதுவா முன்னாடி சாய்க்கிறது) வாரம் ரெண்டு நாள், முதல்ல 2 செட் 5, போகப் போக 3 செட் 8. உள்பாதத்தால பாஸ் அடிச்சுப் பழக்கமில்லாதவனுக்கு தொடை இடுக்கும் வலிக்கும், அதுக்கு கோப்பன்ஹேகன் பிளாங்க் (மேல் காலை பெஞ்சுல வச்சு, பக்கவாட்டுல உடம்பைத் தூக்கி நிறுத்துறது) பக்கத்துக்கு 6. வார்ம்அப்புக்கு ஃபிஃபா 11+ இருக்கு, 15 பயிற்சி, 20 நிமிஷம், இலவசமாவே கிடைக்குது.

---

மாதவரம்_கேலரி:

ரொம்ப நன்றிண்ணா, இதை அப்படியே பையன்கிட்ட காட்டிட்டேன். 30 மீட்டர் டைம் எடுத்துப் பார்த்தான்: வெறும் ஓட்டம் 4.1, பந்தோட 5.6. மூஞ்சி தொங்கிப் போச்சு. இன்னும் ரெண்டே கேள்வி. செலக்‌ஷன்ல எந்த இடம்னு சொல்லணும்? ஸ்டட்ஸ் எது வாங்கலாம்?

---

வியாசை_விங் பதில்:

ஒன்றரை வினாடியா? முதல் நாளுக்கு அப்படித்தான் வரும், விடுங்க.

இடம் கேட்டா விங்குன்னு சொல்லச் சொல்லுங்க. ஸ்ட்ரைக்கர்னா கோலுக்கு முதுகு காட்டி பந்தைப் பிடிச்சு வச்சிக்கணும், அது இப்ப வராது. மேல இடதுகால்_பேக் தன் இடமான பேக்கைச் சிபாரிசு பண்ணாம விட்டதே ஆச்சரியம். ஆனா ஃபுல்பேக் (ஓரத்து டிஃபெண்டர்) வேண்டாம், எப்ப ஏறணும் எப்ப நிக்கணும்ன்ற கணக்கு 12 வாரத்துல வராது. அங்க ஒரு தப்பு பண்ணா கோல், விங்ல ஒரு தப்பு பண்ணா த்ரோ.

வியாசர்பாடி பக்கம் சின்ன கிரவுண்டுல ஆடிப் பழகின பசங்க டச்சுக்கு முன்னாடி இவன் நிக்க முடியாது, அதுல போட்டி போடவே கூடாது. பந்து வந்தா ரெண்டு டச்சுல பக்கத்துல இருக்கிறவனுக்குக் குடுத்துட்டு பின்னாடி இருக்கிற காலி இடத்துக்கு ஓடணும். ஆஃப்சைடு விதியை (பாஸ் கிளம்பும்போது எதிர் டிஃபென்ஸைத் தாண்டி நிக்கிறவன் அந்தப் பந்தை ஆடக் கூடாதுன்றது) இவனுக்குச் சாதகமா பயன்படுத்தலாம்: பாஸ் கிளம்புற நேரத்துல சொந்தப் பாதியில நின்னா ஆஃப்சைடே கிடையாது. எதிர் டீம் மொத்தமா மேல ஏறி வந்தா, நடுக்கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம் நின்னு அங்கேர்ந்து கிளம்பட்டும், 50 மீட்டர் திறந்த வெளி கிடைக்கும். த்ரோ, கோல் கிக், கார்னர்லேர்ந்து நேரா வர்ற பந்துக்கும் ஆஃப்சைடு இல்ல. ஸ்பிரிண்டர்ங்க பொதுவா சொதப்புறது சீக்கிரமே கிளம்பி. அடிக்கிறவன் தலை குனிஞ்சு பந்தைப் பார்க்கிற நொடிதான் இவனுக்குத் துப்பாக்கிச் சத்தம். அதுவரைக்கும் டிஃபெண்டருங்க நிக்கிற வரிசைக்கு இணையா வளைஞ்சு ஓடிக்கிட்டு இருக்கணும், நின்ன இடத்துலேர்ந்து எடுக்கக் கூடாது.

ஸ்டட்ஸ்: நம்ம ஊர் கிரவுண்டு பாதி காஞ்ச மண்ணு. புல்லுக்கான நீளமான குச்சி வச்சதைப் போட்டா குச்சி தரையில இறங்காது, குதிகாலும் கணுக்காலும் வாங்கிக் கட்டிக்கும். குட்டி குட்டியா நிறைய ரப்பர் குமிழ் இருக்கிற டர்ஃப் ஷூ மண்ணுக்கும் செயற்கைப் புல்லுக்கும் ஒத்து வரும். செலக்‌ஷன் நல்ல புல் தரைன்னு தெரிஞ்சா மட்டும் மத்தது. எதுவா இருந்தாலும் ரெண்டு வாரம் முன்னாடியே போட்டு ஓடிப் பழகணும், புது ஷூவோட போய் கொப்புளத்தோட திரும்பாதீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு செயற்கைப் புல் தோசைக்கல்லு, ஆறுக்கு மேல வச்சிக்கங்க.

பேப்பர் வேலை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ ரெண்டு செட். வேற ஏதாவது கிளப் பேர்ல ஏற்கெனவே ஏ.ஐ.எஃப்.எஃப் (அகில இந்திய கால்பந்து சம்மேளனம்) பதிவு இருக்கான்னு பாருங்க. ஸ்கூல் நாள்ல யாராவது பதிஞ்சு வச்சிருந்தா, எடுத்தாலும் டிரான்ஸ்ஃபர் முடியாம ஆட விட மாட்டாங்க. இடத்துக்குப் பணம் கேக்கிறவன் வந்தா எழுந்து வந்துடுங்க.

---

ஸ்டாப்வாட்ச் பதில்:

ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டன் ஸ்பிரிண்டர் டேரன் கேம்ப்பெல் நடுவில் கால்பந்துக்குப் போய் வேல்ஸில் க்வம்பிரான் டவுனுக்கு ஆடினார், பிறகு ட்ராக்குக்குத் திரும்பி 2000 சிட்னியில் 200 மீட்டர் வெள்ளி, 2004 ஏதென்ஸில் 4×100 தங்கம் எடுத்தார். அதனால் பையன் ட்ராக் ஸ்பைக்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். 30 மீட்டர் 5.6-ஐ அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்து இங்கே போடுங்கள். கையால் பிடிப்பதென்றால் இரண்டு பேர் பிடித்து சராசரி எடுங்கள்.