பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். மனநல நெருக்கடி என்று அழைப்பு வந்தால் வீட்டுக்கே போகும் நடமாடும் குழுவில் 4 வருடமாக வேலை செய்கிறேன். இப்போது ஒருவர் விஷயத்தில் வழி தெரியாமல் நிற்கிறேன்.

வயது முப்பதுக்குள். காதில் குரல்கள் கேட்கின்றன. மாத்திரையை நிறுத்தி 5 வாரம். 9 நாளாக அறைக்குள் பூட்டிக்கொண்டிருக்கிறார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வந்து சாப்பிடுகிறார். 3 முறை போய்விட்டோம். கதவடியில் அவர் பாதத்தின் நிழல் தெரிகிறது. நின்று கேட்கிறார், ஆனால் திறப்பதில்லை.

சீருடை இல்லாமல் போனோம், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினோம். இருவர் போனாலும் ஒருவர்தான் பேசினோம், தணிந்த குரலில், இடைவெளி விட்டு. குரல்கள் பொய் என்று வாதாடவில்லை, "பயமா இருக்கா?" என்றுதான் கேட்டேன். தற்கொலை எண்ணம் உண்டா என்றும் நேராகவே கேட்டேன். (கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, புதிதாக வந்தவர்கள் தயங்க வேண்டாம்.) "இல்ல" என்றார். இதுவரை அவர் பேசியது அந்த ஒரு சொல்தான். கத்தி, மாத்திரை எல்லாவற்றையும் அம்மா அப்புறப்படுத்திவிட்டார். கடைசியாக ஒரு கடிதம் எழுதிக் கதவடியில் தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் காகிதம் மெதுவாக உள்ளே நகர்ந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

போலீஸ் வந்து கதவை உடைத்தால் அதன்பின் யாரையுமே நம்பமாட்டார். உடனடி ஆபத்தும் தெரியவில்லை. ஆனால் அம்மா சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது.

நாளை மறுநாள் மறுபடி போகிறோம். இப்படி இருந்த ஒருவர் தானாகவே கதவைத் திறந்ததைப் பார்த்தவர்கள், அதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா?