புதுப்பிப்பு: பவுசர் கோட்டை, 200 சிசி

மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார் பந்தய வீடியோ கேமில், எரிமலைக் குழம்புக்கு நடுவே ஓடும் பவுசர் கோட்டை என்ற பந்தயப் பாதையை, மிக வேகமான பிரிவான 200 சிசியில் எப்படி ஓட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். டிரிஃப்ட்டை (வளைவில் வண்டியைச் சறுக்கித் திருப்புவதை) விடாமல் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னீர்கள். அருமையான யோசனை! வளைவுகளில் இப்போது வண்டி நிதானமாகத் திரும்புகிறது.

ஆனால் இந்தப் பாதையின் உயிரே அந்த ராட்சத பவுசர் சிலைதான். அது முஷ்டியால் குத்தும்போது ரோடே அலையாக எழும்புகிறது. அலை உச்சியில் ஸ்டன்ட் அடித்தால் வேகம் கூடும். பாளையங்கோட்டை வீட்டுக்கு லீவில் வந்த அத்தை மகன், "ஏல, மொகத்தப் பாக்காத, கையப் பாரு" என்றான். சரியான பேச்சு. கை ஓங்கும்போதே தயாராகிவிடலாம்.

அப்புறம், அடுத்தது அதே ஸ்பெஷல் கப்பில் (நான்கு பாதைகள் கொண்ட போட்டித் தொகுப்பு) வரும் ரெயின்போ ரோடு என்ற பாதை. அதற்கு எந்த வண்டி நல்லது, சொல்லுங்கள்.