மழைநீரில் தாலேட் கொட்டுகிறது, பென்சோபைரீனைக் காணவில்லை: கோளாறு எங்கே?

மாடிமழை:
வணக்கம். காற்றிலிருந்து மழையோடு இறங்கும் கரிம மாசுகளை அளக்கிறேன். மாடியில் 30 செ.மீ. விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுப் புனல், அடியில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி. 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 700 மி.லி. சேர்ந்துவிடுகிறது. கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, டைகுளோரோமீத்தேனால் பிரித்தெடுத்து, ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் இனங்காணும் கருவி) பார்க்கிறேன்.

சிக்கல் இரண்டு. பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளான டைபியூட்டைல் தாலேட், டிஇஎச்பி இரண்டும் மழை மாதிரியில் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே வெற்று மாதிரியிலும் (மழைக்குப் பதில் தூய நீரை வைத்துச் செய்யும் ஒப்பீட்டு மாதிரி) வருகின்றன. அடுத்தது, எரிபுகையில் வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களில் பினாந்த்ரீன், பைரீன் எல்லாம் ஒழுங்காகத் தெரிகின்றன. பென்சோ(அ)பைரீன் மட்டும் தலைகாட்டுவதே இல்லை. நியமக் கரைசல்கள் (செறிவு தெரிந்தவை) சரியாக வருவதால் கருவியின் மேல் சந்தேகமில்லை.

கண்ணாடிப்புட்டி:
புனலுக்கும் புட்டிக்கும் நடுவே என்ன இருக்கிறது? வெற்று மாதிரிக்கான தூய நீரை எங்கே ஊற்றுகிறீர்கள்? வடித்தபின் வடிதாள் என்ன ஆகிறது?

மாடிமழை:
நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வளையும் பிவிசி குழாய். தூய நீரை நேரே புட்டியில்தான் ஊற்றுகிறேன். வடிதாளைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன், பிரித்தெடுக்கவில்லை.

மழைமானி:
பிவிசியா! அதை வளைய வைப்பதே தாலேட்தானே. குற்றவாளி கிடைத்துவிட்டான். கழற்றி எறியுங்கள்.

கண்ணாடிப்புட்டி:
எறிய வேண்டியதுதான். ஆனால் மழைமானி சற்றுப் பொறுக்க வேண்டும். வெற்று மாதிரி அந்தக் குழாயைத் தொடவே இல்லை; அதிலும் அதே அளவு தாலேட் இருக்கிறது. குழாய் மட்டுமே காரணமென்றால் மழை மாதிரி கூடுதலாகவும் வெற்று மாதிரி சுத்தமாகவும் இருந்திருக்கும். ஆகவே இப்போது தெரியும் தாலேட்டின் பெரும்பகுதி ஆய்வகத்தில்தான் சேர்கிறது. படிப்படியாகப் பாருங்கள்: முதலில் கரைப்பானை மட்டும் ஆவியாக்கிச் செறிவூட்டிச் செலுத்துங்கள். பிறகு அதோடு ஈரம் போக்கும் சோடியம் சல்பேட், பிறகு தூய நீர், கடைசியில் புட்டியும் மூடியும். எந்தப் படியில் அளவு தாவுகிறதோ, அங்கே இருக்கிறது மூலம். கையுறையையும் நீர் பீய்ச்சும் பிளாஸ்டிக் புட்டியையும் மறந்துவிடாதீர்கள்.

மாடிமழை:
பார்த்துவிட்டேன். கரைப்பான் சுத்தம். சோடியம் சல்பேட் சேர்ந்ததும் தாலேட் எகிறுகிறது. அது பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. அப்படியே பயன்படுத்தி வந்தோம்.

கண்ணாடிப்புட்டி:
அகலமான பீங்கான் தட்டில் பரப்பி 400 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சுடுங்கள். ஆறியதும் கண்ணாடிப் புட்டியில் மூடி வையுங்கள். மாதிரிப் புட்டிகளையும் அப்படியே சுடலாம். அளவுக் குடுவைகளை மட்டும் சுடாதீர்கள், கொள்ளளவு மாறிவிடும். பின்னணி இறங்கியதும் பிவிசி குழாய் தன் பங்கைக் காட்டும், எனவே புனலின் காம்பைப் புட்டிக்குள் நேராக இறக்கிவிடுங்கள். இனிமேல் வெற்று நீரும் புனல் வழியாகவே இறங்கட்டும். மழை தொட்ட எல்லாவற்றையும் அதுவும் தொட வேண்டும்.

பென்சோ(அ)பைரீன் நீங்கள் எடுத்து வைத்த வடிதாளில் இருக்கிறது. நீரைவிட ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற கரைப்பானில் சுமார் பத்து லட்சம் மடங்கு தங்கும் பொருள் அது. மழையில் கரைந்து வருவதைவிடப் புகைக்கரித் துகளில் ஒட்டிக்கொண்டு வருவதே அதிகம். வடிதாளையும் பிரித்தெடுத்து இரண்டையும் கூட்டுங்கள். புனலின் உட்புறத்தையும் காலிப் புட்டியையும் கரைப்பானால் அலசி, அந்த அலசலையும் சேருங்கள். சுவரில் ஒட்டியது அப்போதுதான் வரும். பிரித்தெடுக்கும் முன்பே டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய பெரிலீன் சிறிதளவு இட்டால், எவ்வளவு மீள்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மழைமானி:
ஒரு கேள்வி: மழையில்லாத நாளிலும் புனல் திறந்தே கிடக்கிறதா? அப்படியானால் உலர்ந்து படியும் தூசியும் சேர்ந்துதான் வருகிறது. அதை மழைநீரின் செறிவு என்று எழுத முடியாது, மொத்தப் படிவு என்றுதான் எழுத வேண்டும். போதாததற்கு, வெயிலில் கிடக்கும் பென்சோ(அ)பைரீன் சிதையவும் செய்யும்.

மாடிமழை:
திறந்தேதான் கிடக்கிறது. மழை உணரியோடு திறந்து மூடும் மூடிக்கு ஏற்பாடு செய்கிறேன். அதுவரை மழைக்குச் சற்று முன் கையாலேயே திறக்கிறேன். வடிதாளை இன்று பிரித்தெடுக்கப் போட்டிருக்கிறேன்.

புதுத்துளி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே அமைப்பில் பிஎஃப்ஏஎஸ் (எளிதில் சிதையாத ஃப்ளோரின் சேர்மங்கள்) சேகரிக்கலாமா?

கண்ணாடிப்புட்டி:
வேண்டாம். அங்கே விதி தலைகீழ்: பாலிப்ரொப்பிலீன் புட்டிதான் வழக்கம், ஃப்ளோரின் பிளாஸ்டிக்கான டெஃப்லான் பக்கமே போகக் கூடாது. தனிப் புனல், தனிப் புட்டி வையுங்கள்.